மீன் ஐஸில் குளிர்ந்த வைன்

புளியங்குளத்தில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லோருக்கும் அவர் பிரான்ஸ் மாமி. சத்தம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் மோட்டர் திருத்த வந்தவன், மீற்றர் பார்க்க வந்தவன், தேங்காய் பிடுங்க வந்தவன் எல்லோரும் அவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, அவர் கையாலேயே தேத்தண்ணியும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். ஏச்சுக்கு ஒருவரும் பயப்படவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால்தான் பயப்பட வேண்டும்.

இதை நான் அறிந்துகொண்டது ஓர் ஆட்டினால்.

மாமி பிரான்சிலிருந்து திரும்பி வந்து, தகப்பனின் பழைய காணியில் வீடு கட்டிய கையோடு கிணற்றடியில் பந்தல் போட்டு முந்திரிகை நட்டார். முந்திரிகை என்றால் எங்கள் பக்கத்தில் திராட்சை. கொடி பந்தலில் ஏறத் தொடங்கிய நேரம் பார்த்து, பக்கத்து வளவு ஓவசியரின் கிடாய் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து அடிவரைக்கும் தின்றுவிட்டது. மாமி போய்ச் சொன்னார். வீதி வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஆடு எண்டால் தின்னும்தானே அக்கா. நீங்கள் வேலியை வடிவா அடைச்சிருக்கவேணும்."

"சரி தம்பி," என்றார் மாமி.

அதற்குப் பிறகும் இரண்டு வளவுக்காரரும் சிரித்துக் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தீபாவளி வந்தது. மாமி ஓவசியரையும் மனைவியையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சமையலுக்கு உதவப் போனவள் நான். இறைச்சிக் கறியை மாமி என்னைத் தொடவிடவில்லை, தன் கையாலேயே வைத்தார். ஓவசியர் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

"எப்பிடித் தம்பி, நல்லா இருக்கோ?"

"சொல்லி வேலையில்லை அக்கா. பஞ்சு மாதிரிக் கிடக்கு. எங்க வாங்கினனீங்கள்?"

"உங்கட கிடாய்தான். போன கிழமை ஓமந்தை யாவாரி ஒருத்தனுக்கு வித்தனீங்கள் எல்லே? அவனை அனுப்பினது நான்தான்." மாமி அவருடைய கோப்பையில் இன்னொரு கரண்டி கறி போட்டார். "என்ர கொடியைத் தின்டு வளந்த ஆடு. ருசிக்காமல் போகுமே?"

ஓவசியரின் மனைவி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். வளர்ப்புக்குத்தான் கொண்டுபோகிறேன் என்று அந்த வியாபாரி சொன்னதை நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைக் கொடுத்தவர் அவர். நான் குசினிக்குள் நின்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மாமியை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

மாமி கலியாணம் கட்டிப் பிரான்சுக்குப் போனவர். கணவர் திஜோன் நகரத்தில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். மாமி முதலில் பருவத்துக்குப் பருவம் முந்திரிகை பிடுங்கப் போனார். பிறகு ஒரு தோட்டத்தின் நிலவறையில் வைன் பீப்பாய் கழுவுகிற வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. அந்தப் பக்கத்துச் சிவப்பு வைன் எல்லாம் பினோ நுவா என்ற ஒரே இனப் பழத்தில் செய்வது. மெல்லிய தோல் உள்ள கறுப்புப் பழம். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் மாமி வாயைக் குவித்து முழுப் பிரெஞ்சுக்காரியாகிவிடுவார்.

அவர் ருசி பார்க்கப் பழகியதும் ஒரு கோபத்தில்தான்.

"அங்க நிலவறைக்குப் பொறுப்பா ஒருத்தன் இருந்தவன்," என்று ஒருநாள் பந்தலுக்குக் கீழே இலை கிள்ளிக்கொண்டு சொன்னார். "பீப்பாயில இருந்து எடுத்து வாயில வச்சுப் பாத்துத் துப்புவான். ஒருநாள் நான் கழுவிக்கொண்டு நிக்க என்ர காலடியில துப்பிப்போட்டு, 'உனக்கும் தரட்டோ? மிளகாய் தின்னுற நாக்குக்கு இது விளங்காது' எண்டான். எல்லாரும் சிரிச்சவங்கள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? அண்டையில இருந்து மிளகாயை விட்டிட்டன். மாமா பாவம், அவருக்குத் தனியாக் கறி வச்சுக் குடுத்தனான். ஆரும் பாக்காத நேரம் ஒவ்வொரு பீப்பாயாத் தொட்டு நக்கிப் பாத்தன். எது பழுதாப் போகும், எது நல்லா வரும் எண்டு எனக்கே தெரியத் தொடங்கிச்சு. பிறகு ஒரு வருசம் அவன் நல்லது எண்டு குறிபோட்டு வச்ச பீப்பாயில வினாகிரி மணம். மெல்லிசாத்தான். அவனுக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருந்தது. எனக்கு விளங்கீட்டுது."

"உடனே போய்ச் சொல்லி அவன்ர முகத்தில கரி பூசினீங்களோ?"

மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சொல்லியிருந்தால் அது அவனுக்கு நன்மையெல்லே, பிள்ளை? நான் வாயைத் திறக்கேல்லை. அவன் அதை நல்லதோட கலந்து போத்தலில அடைச்சான். போத்தல் எல்லாம் திரும்பி வந்தது. அவனை அனுப்பிப்போட்டாங்கள். அண்டைக்குப் பின்னேரம் நான் வீட்டை போய் நல்ல உறைப்பா ஒரு மீன்குழம்பு வச்சன்."

கணவர் இறந்த பிறகு மகனை அங்கே விட்டுவிட்டு மாமி ஊருக்குத் திரும்பினார். பினோ நுவாக் கன்றுகளை மகன் ஒருமுறை கொண்டுவந்து கொடுத்தான். வன்னி வெயிலில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதனால் மாமி யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் விளைகிற சாதாரணக் கறுப்பு முந்திரிகையைத்தான் பந்தலில் திரும்பவும் நட்டார். போதாததற்கு அங்கிருந்து கூடைக்கணக்கில் வாங்கினார். வெடித்த பழம், சந்தைக்காரர் கழித்துவிட்ட சின்னப் பழம் எல்லாம் மலிவாகக் கிடைத்தன.

"பழம் பினோ இல்லை. ஆனால் குடிக்கேக்க பினோ மாதிரி இருக்கவேணும்," என்பார். "ஒரு மேசன் சனிக்கிழமை வாங்கிக்கொண்டு போய்ப் பெண்டிலோட இருந்து குடிக்கக்கூடிய விலையில இருக்கவேணும். விலை கூடினதை வாங்கிக் குடிக்கிறவன் விலையைத்தான் குடிக்கிறான்."

அவர் வேலை செய்த ஊரில் ஒரு பெரிய வீதி ஓடியதாம். வீதிக்கு மேலே சரிவில் விளைகிற பழத்தின் வைனைப் பணக்காரர்தான் வாங்கலாம். வீதிக்குக் கீழே விளைகிறது மலிவு. கீழ்ப்பக்கத்தில் நல்ல தோட்டக்காரனாகப் பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும், மேல்பக்கத்துக்காரனைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று மாமி சொல்லுவார். தன் வளவும் யாழ்ப்பாணம் போகிற ஏ-ஒன்பது வீதியின் கீழ்ப்பக்கத்தில் பள்ளத்தில்தான் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

செய்கிற விதத்தைப் பார்த்தால் வைன் என்றே நம்பமாட்டீர்கள். நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்று, தண்ணீர் பிடித்துவைக்கிற பீப்பாய். பழத்தைக் காம்பு நீக்கிக் கையால் பிசைந்து தோலோடு அதற்குள் போடுவார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஈஸ்டைக் கலப்பார். நுரைத்துப் பொங்கும்போது பரல் சூடேறும். அந்தச் சூடு கூடினால் மணம் எல்லாம் செத்து, அவித்த பழம் மாதிரி ஆகிவிடும். குளிர் ஊரில் அந்தக் கவலை இல்லை. புளியங்குளத்தில் என்ன செய்வது? மாமி பரலைச் சீமெந்துத் தொட்டிக்குள் இறக்கி, சுற்றிவரக் கிணற்றுத் தண்ணீர் விட்டார். முல்லைத்தீவிலிருந்து வருகிற மீன் லொறியைச் சந்தியில் மறித்து ஐஸ் வாங்கி அந்தத் தண்ணீருக்குள் போட்டார். லொறிக்காரனுக்கும் அவருக்கும் தினமும் சண்டை.

"உன்ர ஐஸில பாரைமீன் செதிள் கிடக்கடா!"

"மாமி, ஐஸ் வெளியிலதானே நிக்குது, உள்ளுக்கை போகேல்லையே?"

கறுப்புத் தோலை நீண்ட நாள் ஊறவிட்டால் நிறம் மைபோல் இறங்கும், கசப்பும் சேரும். மாமி தோலைச் சீக்கிரமே வடித்துவிடுவார். அதனால் அவருடைய வைனுக்கு மாதுளை முத்தின் நிறம், கிளாசுக்கு அந்தப் பக்கம் பிடித்த விரல் தெரியும். அழுத்திப் பிழிய விடமாட்டார். காலையில் வெறுவயிற்றில் எழுந்துவந்து, ஒரு மிடறு வாயில் வைத்து, காற்றை உள்ளே இழுத்து உருட்டி, வாழையடியில் துப்புவார். அந்த வாழை வெறியில் சாய்ந்து நிற்கிறது என்று ஓவசியர் வேலிக்கு அப்பால் நின்று சொன்னார். கிடாய்க்குப் பிறகு அவர் மாமியிடம் நேரில் கதைப்பதில்லை.

எனக்கும் ஒருமுறை இரண்டு கிளாசில் ஊற்றித் தந்தார். ஒன்று மகன் கொண்டுவந்த பிரெஞ்சுப் போத்தல், மற்றது தன்னுடையது.

"இரண்டும் புளிக்குது மாமி," என்றேன்.

"விழுங்காத. மணந்து பார்."

மணந்து பார்த்தேன். பிரெஞ்சுக்காரனுடையதில் ஏதோ காய்ந்த இலை மணம். மாமியுடையதில் முதல் மழை விழுந்த செம்மண்ணும், கையில் நசுக்கிய நாவற்பழமும். அதைச் சொன்னபோது மாமி என் கிளாசை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தார். அவர் துப்பாமல் குடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் நான் ஏ-ஒன்பது வீதியில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். அநுராதபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிற வெள்ளைக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இறங்குவார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்கள் இரவு தங்குவார்கள். முதலாளி கொழும்பில் யாவாரம் செய்துவிட்டு வந்தவர். நல்ல சட்டை, நல்ல வாசனை, எல்லோரையும் முறை சொல்லிக் கூப்பிடுவார். சாப்பாட்டு மேசைக்கு முந்திரிகைப் பழம் வாங்க மாமி வீட்டுக்குப் போனவர், வைனையும் ருசி பார்த்துவிட்டார்.

"மாமி, இதை எனக்குத் தாங்கோ. விடுதியில குடுப்பம்."

"லைசன்ஸ் இல்லாமல் விக்கேலாது தம்பி."

"என்னட்டை பார் லைசன்ஸ் கிடக்கு. எல்லாம் அதுக்குள்ள வரும். நான் பாத்துக்கொள்ளுறன். பிறகு உங்களுக்கெண்டு ஒரு லேபலும் அடிப்பம்."

பார் லைசன்ஸுக்குள் அது வராது என்று மாமிக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் லேபல் என்ற சொல்லில் அவர் மயங்கிவிட்டார். அன்றைக்கு முழுவதும், என்ன எழுதலாம் என்று என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். தன் பெயர் வேண்டாமாம். அந்த ஊர்களில் வைனுக்கு ஊரின் பெயரைத்தான் வைப்பார்களாம். 'புளியங்குளம்' என்று ஒரு சொல் மட்டும் எழுதினால் போதுமாம்.

வைன் விடுதிக்குப் போனது. வெள்ளைக்காரர்கள் விரும்பிக் குடித்தார்கள். சாடியில் ஊற்றி, வீட்டு வைன் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மாமி நினைத்துக்கொண்டிருந்தார். வரவேற்பு மேசை வாசல் பக்கம். களஞ்சிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது, அதன் சாவியை முதலாளி யாரிடமும் கொடுப்பதில்லை.

ஒருநாள் வைன் கலன்களைக் கொண்டுவந்து இறக்கிய மாமி, சாப்பாட்டு மண்டபத்தின் வழியாக வெளியே போனார். ஒரு மேசையில் பாதி குடித்த போத்தல் நின்றது. பிரெஞ்சு லேபல். மாமி வேலை செய்த பகுதியின் பெயர், கீழே பினோ நுவா. மாமி கிளாசைத் தூக்கி மணந்தார். பிறகு உணவுப் பட்டியலைத் திறந்து விலையைப் பார்த்தார். நேரே முதலாளியிடம் வந்தார். வரவேற்பு மேசைக்கு முன்னால், என் கண்முன்னால்தான் எல்லாம் நடந்தது.

"தம்பி, இது என்ர வைன். ஏன் உந்தப் போத்தலுக்குள்ள கிடக்கு?"

"மாமி, சனம் போத்தலைப் பாத்துத்தான் குடிக்குது."

"லேபல் அடிக்கிறன் எண்டனீங்கள்."

"புளியங்குளம் எண்டோ?" முதலாளி சிரித்தார். சமையற்காரனும் சாரதியும் அங்கே நின்றார்கள், அவர்களும் சிரித்தார்கள். "புளியங்குளம் எண்டு போட்டால் புளிச்சுப்போன சாமான் எண்டு நினைப்பினம் மாமி. கோவியாதேங்கோ, உள்ளதைச் சொல்லுறன். நீங்கள் பரலுக்குள்ள காய்ச்சுறது கசிப்புத்தான். போத்தல்தான் அதை வைனாக்குது."

கசிப்பு என்றால் காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற சாராயம். பொலிஸ் வந்தால் பானையை உடைத்துவிட்டு ஓடுகிற தொழில்.

மாமியின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். சத்தம் போடப்போகிறார், போட்டுவிட்டால் நல்லது என்று மனதுக்குள் மன்றாடினேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"சரி தம்பி," என்றார் மெதுவாக.

எனக்கு அந்தக் கிடாய் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு மாமி வைன் கொடுப்பதை நிறுத்தவில்லை. இன்னும் நன்றாகச் செய்யத் தொடங்கினார். பழத்தை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்தார். மீன் லொறிக்காரனிடம் ஐஸ் இரட்டிப்பாக வாங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மனிசன் உங்களை அப்பிடிச் சொல்லிச்சுது. நீங்கள் என்னெண்டால் இன்னும் திறமாச் செய்து குடுக்கிறீங்கள்."

"அவன் இன்னும் மேல ஏறட்டும் பிள்ளை. முழங்கால் உயரத்தில இருந்து விழுத்தி என்ன பிரயோசனம்? எலும்பு முறியாது."

முதலாளி ஏறினார். பிரெஞ்சுச் சுற்றுலாக்காரரைக் கொண்டுவருகிற ஒரு கொழும்புக் கம்பனியோடு கதைத்து, வடக்கில் அசல் பிரெஞ்சு வைன் கிடைக்கிற ஒரே இடம் என்று தன் விடுதியை விளம்பரம் செய்தார். வாசலில் பெரிய பலகை வைத்தார். முதல் குழு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வருவதாக இருந்தது. அந்தக் கிழமைத் தொடக்கத்தில் மாமி என்னை வேலியடிக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உந்த வேலையை விடு. சனிக்கு முதல் விடு."

"ஏன் மாமி? அம்மாவுக்கு மருந்துக்கே இந்தச் சம்பளம்தானே."

"ஏன் எண்டு கேளாத. சொல்லிப்போட்டன்."

நான் விடவில்லை. விட என்னால் முடியாது.

சனிக்கிழமை பஸ் வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று பேர், எல்லோரும் வயதானவர்கள். முதலாளி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தானே வைன் ஊற்றினார். அப்போது மாமி வாசலால் வந்தார். பச்சைக் காஞ்சிபுரச் சேலை, பொட்டு, சங்கிலி, கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி. முதலாளி தடுக்க நினைப்பதற்குள் மேசையின் தலைமாட்டுக்குப் போய் நின்று, பிரெஞ்சில் பேசத் தொடங்கினார்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முதலாளிக்கும் விளங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் முகம் மலர்ந்து திரும்பினார்கள். முதலாளியும் மலர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் குழுவோடு வந்த வழிகாட்டிப் பையனிடம் போய், "அண்ணா, மாமி என்ன சொல்லுறா?" என்று மெல்லக் கேட்டேன். அவன் கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே வந்தான்.

"தான் உங்கட ஊரில பீப்பாய் கழுவினவவாம். நீங்கள் குடிக்கிற வைன் உங்கட ஊர் இல்லையாம். இங்க பக்கத்தில, நீலப் பரலுக்குள்ள, மீன் ஐஸ் வச்சுத் தான் செய்ததாம். உங்கட பழைய போத்தலுக்குள்ள ஊத்தி, உங்கட விலைக்கே உங்களுக்கு விக்கிறானாம் இந்த மனிசன்." அவன் என் பக்கம் குனிந்தான். "கோவப்பட முதல் ஒண்டு சொல்லுங்கோவாம். வைன் நல்லா இருக்கோ, இல்லையோ?"

 ஒரு கிழவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தியவர், கிளாசைத் தூக்கிச் சுழற்றி மணந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு மாமியைப் பார்த்து ஏதோ சொல்லித் தலையைக் குனிந்தார்.

"வீட்டில தான் குடிக்கிறது இதைவிட மோசமாம்," என்றான் வழிகாட்டி.

மாமியின் கண் கலங்கியது. அதைப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கிழவர் தலை குனிந்ததைத் தனக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்ட முதலாளி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அவர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கள்ளச் சாராயம் பிடிக்கிற மதுவரிக்காரரின் ஜீப் முற்றத்தில் வந்து நின்றது. முந்தின நாள் வவுனியாவுக்குப் போய், 'லைசன்ஸ் இல்லாமல் வைன் செய்கிறவள் நான்தான், இன்ன இடத்தில் இன்ன விதமாக விற்கிறார்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் மாமி.

அதிகாரி வந்த காரியத்தைச் சொன்னதும் முதலாளியின் முகத்தில் இரத்தமில்லை. சுற்றிப் பார்த்தார். அவருடைய விரல் என்னை நோக்கி நீண்டது.

"எனக்கொண்டும் தெரியாது சேர். களஞ்சியத்தில ஊத்தி அடைக்கிறது எல்லாம் இந்தப் பிள்ளைதான்."

  வேலையை விடு, ஏன் எண்டு கேளாத என்று மாமி சொன்னதன் கருத்து அப்போதுதான் விளங்கியது.

"தம்பி," என்றார் மாமி, தமிழில், எல்லோருக்கும் கேட்க. "களஞ்சியச் சாவி அப்ப ஏன் உங்கட இடுப்பில கிலுங்குது?"

அதிகாரி சாவியை வாங்கினார். உள்ளே வெறும் பிரெஞ்சுப் போத்தல்கள், மாமியின் கலன்கள், தக்கை அடிக்கிற இயந்திரம், அதைக் கொழும்பிலிருந்து அனுப்பிய கடையின் பற்றுச்சீட்டு முதலாளியின் பெயரில். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வழக்கு நாளில் நானும் போனேன். முதலாளி கறுப்புக் கோட்டுக்காரர் இரண்டு பேரோடு வந்தார். மாமி தனியாக வந்தார். அவருடைய குற்றப் பத்திரிகையை வாசித்தார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதவான் கேட்டார்.

"ஓம் ஐயா, செய்தது நான்தான். வித்ததும் நான்தான். எல்லாம் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஒண்டு பிழை."

"என்ன பிழை?"

"அதில கசிப்பு எண்டு வாசிச்சவை. கசிப்பு இல்லை ஐயா. வைன். மாத்தி எழுதச் சொல்லுங்கோ."

மன்றில் சிரிப்பு எழுந்தது. நீதவான் சிரிக்கவில்லை. பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பார்த்தார். பிறகு திருத்தச் சொன்னார். எழுதுகிறவர் அடித்துவிட்டு எழுதி, திரும்ப வாசித்தார். பழவைன். மாமி குற்றவாளிக் கூட்டுக்குள் நின்றபடி திரும்பி, முதலாளியின் முகத்தைப் பார்த்தார். ஆற அமரப் பார்த்தார். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமில்லாமல், ஒரு குழந்தையைப் பார்க்கிற மாதிரி.

மாமி தண்டம் கட்டினார். முதலாளியின் பார் லைசன்ஸ் போனது, சுற்றுலாக் கம்பனி போனது, கொஞ்ச நாளில் விடுதியையும் மூடியாயிற்று. என் வேலை போனது. சாரதியின் வேலை போனது. சமையற்காரன் மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பையன், மூன்று பிள்ளைகள். அவன் ஒரு பின்னேரம் மாமியின் படலை வாசலில் வந்து நின்று கத்தினான். ஒழுங்கையே கூடிவிட்டது.

"உங்களுக்கு அந்த ஆளோட கோவம்னா அந்த ஆளோட முடிச்சிருக்கணும்! எம் புள்ளைங்க என்னா செஞ்சிச்சு? இன்னைக்கு எங்க வீட்ல அடுப்பு எரியல!"

மாமி படலைக்கு வந்தார். அவனை ஏசப்போகிறார் என்று நினைத்தோம். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீ கேக்கிறது நியாயம்," என்றார். "நீயும் அண்டைக்குச் சிரிச்சனி. அதுக்கு நான் உனக்கு ஒண்டும் செய்யேல்லை. ஆனால் உன்ர பிள்ளையளுக்குச் செய்தது பிழைதான். என்னில கோவம் வை. விட்டிடாத."

 மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மாமி அன்றைக்குப் பிறகு அவனை எந்த வழியில் கண்டாலும் தான் முதலில் ஒதுங்கி வழி விடுவார். அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எனக்கும் ஒன்றும் செய்யவில்லை. வேலையை விடு என்று முதலே சொல்லிவிட்டதால் என் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தார் போலும். எனக்கு அவரில் கோபம் இருந்தது. ஆனாலும் பின்னேரங்களில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

பரலை மதுவரிக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். மாமி பழத்தைப் பழமாகவே சந்தியில் விற்றார். ஒழுங்கைச் சனம் அவருடைய கதை முடிந்ததென்று நினைத்தது. எனக்குக் கிளிநொச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது.

ஒருநாள் காலையில் நான் வேலைக்குப் போகச் சந்தியில் நின்றேன். எதிர்ப்பக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்தில், மாமி நின்றார். தலைமயிருக்குக் கறுப்புப் பூசியிருந்தார். காலில் புதுச் செருப்பு. பயணப் பை ஒன்று, பெரியது.

நான் வீதியைக் கடந்து போனேன். "எங்க மாமி வெளிக்கிட்டாச்சு?"

"நீர்கொழும்புக்கு."

"ஆரும் சொந்தக்காரரோ?"

"இல்லைப் பிள்ளை. உன்ர பழைய முதலாளி அங்க கடற்கரையில புதுசா ஒரு விடுதி திறந்திருக்கிறானாம். வெள்ளையள் நிறைய வாறவையாம், நல்லாப் போகுதாம்." மாமி பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். "குசினிக்கு ஆள் தேடுறானாம். அவன்ர மனேச்சரோட ரெலிபோனில கதைச்சனான். வேற பேர் சொன்னனான்."

"மாமி, அதுதான் எல்லாம் முடிஞ்சுதே!"

"ஆர் முடிஞ்சுது எண்டது?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பையை வாங்கக் கை நீட்டினான். மாமி அதைக் கொடுக்காமல் தானே சுமந்துகொண்டு ஏறினார். யன்னலோரம் இருந்து எனக்குக் கை காட்டினார். நான் அவரை அவ்வளவு சந்தோசமாக ஒருநாளும் பார்த்ததில்லை. கலியாணம் கட்டிப் பிரான்சுக்குப் போன நாளில் அப்படி இருந்திருப்பார்.

பஸ் ஓமந்தைப் பக்கம் போய் மறைந்தது. என்னைக் கள்ளியென்று கைகாட்டிய அந்த மனிதர், நீர்கொழும்பில் எங்கோ நல்ல சட்டை போட்டுக்கொண்டு, இன்றைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற மனிசிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். வாழ்நாளில் முதன்முறையாக நான் அவருக்காக இரக்கப்பட்டேன்.